கலப்பெரிபொருளும் கேளாத சம்மதமும்

அறம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பெரிய செயல்களையே உதாரணமாக எடுத்துக்கொள்வன. போர் தொடுத்தல் நியாயமா, மரணதண்டனை தகுமா, பொய் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றலாமா என்பன போன்ற வினாக்களை மெய்யியல் மாணவர் நன்கறிவர். ஆனால் மனிதரின் அன்றாட வாழ்வில் அறப்பிரச்சினைகள் இத்தகைய பேருருவில் வருவது அரிது. ஒரு சில காசுகளின் வித்தியாசமாகவும், ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தில் இரண்டு கிலோமீற்றர்க் குறைவாகவும், இறப்பர்க் குழாயொன்றில் காணும் வெடிப்பாகவும் அவை வந்து நிற்கின்றன. அளவிற் சிறியன என்பதனால் அவற்றை அறத்தின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுதல் எளிது. எதனோல் கலந்த பெற்றோல் பற்றிய விவாதம் அத்தகைய ஒன்றாகும். பொறியியலாளரும் பொருளியலாளரும் விவசாய அமைச்சுகளும் தத்தம் நோக்கில் இதனை ஆராய்ந்துள்ளனர். எரிபொருள் நிலையத்தில் தமது மோட்டார் சைக்கிளின் தாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இவ்விடயத்தில் உள்ள உரிமை யாது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

முதலிற் பொருளை விளங்கிக்கொள்ளல் வேண்டும். எதனோல் என்பது மதுசாரமே. சாராயத்திற் போதையைத் தருவதும் இதுவே. எரிபொருளாகும்போது நீர் ஏறக்குறைய முற்றாக அகற்றப்படுகின்றது. கரும்புச் சாறு, சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகு, சோளம், அரிசி முதலியவற்றை நொதிக்கச் செய்து வடித்து இதனைப் பெறுவர். இதனைக் கொண்டு எஞ்சினை ஓட்டுதல் புதிய கண்டுபிடிப்பன்று. அகத்தகன எஞ்சினின் முன்னோடிகளுள் ஒருவரான நிக்கொலவுஸ் ஒற்றோ தமது தொடக்ககாலப் பரிசோதனைகளில் மதுசாரத்தைப் பயன்படுத்தியவர்.

பெற்றோலோடு ஒப்பிடுமிடத்து எதனோலுக்கு ஒரு சிறப்பும் சில குறைகளும் உள. அதன் ஒக்ரேன் எண் நூற்றுக்கு மேற்பட்டது. ஆதலால் எரிபொருள் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் இடிக்கும் குறைபாட்டை அது தடுக்கின்றது. ஆனால் ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தி இருக்க, ஒரு லீற்றர் எதனோலில் இருப்பது 21 மெகாயூல் மட்டுமே. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எனவே 10 வீதம் எதனோல் கலந்த பெற்றோல் நூற்றுக்கு மூன்று பங்களவும், 20 வீதம் கலந்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்களவும் குறைந்த சக்தியுடையன. கலவைக்கெனவே வடிவமைக்கப்பட்ட எஞ்சின், உயர்ந்த ஒக்ரேனைப் பயன்படுத்தி இவ்விழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய எஞ்சினுக்கு அது இயலாது.

பழைய வாகனமுடையோர் அறிந்திருக்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. எதனோலின் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது ஒட்சிசன். ஆகவே அது எரிவதற்குக் குறைந்தளவு வளியே போதும். புதிய கார்களில் புகைவழியில் அமைந்த ஒட்சிசன் உணரி இதனை அறிந்து எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கின்றது. காபுரேற்றர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிளுக்கு அந்த அறிவு இல்லை. அதில் எரிபொருள் போதாத கலவை எரிந்து, எஞ்சின் வழமையிலும் சூடாகலாம். எதனோல் சிலவகை இறப்பரை வீங்கச் செய்யும். தாங்கியின் அடியிற் பல்லாண்டு படிந்த அழுக்கைக் கரைத்து வடியை அடைக்கவும் கூடும். மேலும் அது நீரை விரும்பும் பொருள். 10 வீதக் கலவை தன்னுள் அரை வீதமளவு நீரையே தாங்கும். அதற்கு மேற்படின் நீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தாங்கியின் அடியிற் தங்கிவிடும். நாள்தோறும் ஓடும் வாகனத்துக்கு இது பெரும் பிரச்சினையன்று. மாரிகாலம் முழுவதும் கொட்டிலில் நிற்கும் வாகனத்துக்கே இடர். எஞ்சின் உடனடியாக அழிந்துவிடும் எனப் பரப்பப்படும் அச்சம் மிகையானது. அதுபோலவே, யாதொரு வித்தியாசமும் ஏற்படாது எனக் கூறப்படுவதும் உண்மைக்குப் புறம்பானது.

இந்த இரண்டாவது கூற்றிலிருந்தே நமது பிரச்சினை பிறக்கின்றது.

இக்கலவையை மக்களிடம் கொண்டுசென்ற முறையில் நாடுகள் வேறுபடுகின்றன. ஜேர்மனியில் 2011இல் 10 வீதக் கலவை அறிமுகமானபோது, தமது கார்களுக்கு ஊறு நேருமென அஞ்சிய சாரதிகள் அதனை வாங்க மறுத்தனர். பழைய 5 வீதக் கலவையும் பக்கத்துக் குழாயில் இருந்தமையால் அவர்களுக்கு மறுத்தல் இயன்றது. பிரித்தானியா 2021 செப்ரெம்பரில் 10 வீதத்தைப் பொதுவான பெற்றோலாக்கியபோதும், உயர்தரப் பெற்றோலை 5 வீதத்திலேயே வைத்துக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் 15 வீதக் கலவையை விற்கும் குழாயில், 2001ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அதனைப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. ஜேர்மன் சாரதிகளின் அச்சம் பெருமளவிற்கு ஆதாரமற்றது என்றே பின்னர் கண்டனர். எனினும் ஆதாரமற்ற அச்சத்தின் காரணமாகவும் ஒருவர் தமது உடைமையைக் காத்துக்கொள்ள இடமளித்த ஏற்பாடு அங்கே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவின் அனுபவம் வேறானது. அங்கு 2003இல் 5 வீதத்துடன் தொடங்கிய திட்டம் பல்லாண்டு நத்தை வேகத்தில் நகர்ந்தது. 2018இன் உயிரெரிபொருட் கொள்கை 20 வீதத்தை 2030இல் எட்டவேண்டிய இலக்காக வைத்தது. பின்னர் அது 2025ஆம் ஆண்டுக்கு முன்தள்ளப்பட்டது. 2022 ஜூனில் 10 வீதம் எட்டப்பட்டது; 2023 பெப்ரவரியில் 20 வீதக் கலவை விற்பனைக்கு வந்தது; 2025இல் நாடெங்கும் சாதாரண பெற்றோல் என்ற பெயரில் விற்கப்பட்டது பெரும்பாலும் இக்கலவையே. 20 வீதத்துக்கேற்ற பாகங்களுடன் வாகனங்கள் தயாராகத் தொடங்கியதோ 2023 ஏப்ரிலிலிருந்துதான். அதற்கு முற்பட்ட கோடிக்கணக்கான மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வீதியில் ஓடிக்கொண்டிருக்க, எரிபொருள் அவற்றை முந்திச் சென்றுவிட்டது.

இழப்பின் அளவு மறைபொருளன்று. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட வழித்திட்ட அறிக்கையே, எதனோலற்ற பெற்றோலுக்கு வடிவமைத்து 10 வீதத்துக்குச் சீராக்கப்பட்ட கார்களில் 6 முதல் 7 வீதமும், அவ்வாறான இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 வீதமும் ஓடுதூரம் குறையுமென மதிப்பிட்டிருந்தது. இதனை ஈடுசெய்யும் வகையிற் கலப்பெரிபொருளின் விலை குறைவாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தும் அவ்வறிக்கையிற் காணப்பட்டது. விலை குறையவில்லை. எதனோலின் கொள்முதல் விலையே பெற்றோலின் விலையை மிஞ்சிவிட்டது என்பது 2025இல் அரசு தந்த விளக்கம். பழைய வாகனங்கள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் ஓடியபின் இறப்பர்ப் பாகங்களை மாற்ற நேரலாம் எனவும், அதற்கான செலவு சிறியது எனவும் அதே ஆண்டில் அமைச்சு கூறிற்று. எதனோலற்ற பெற்றோலையும் விற்கவேண்டும், குழாயிற் கலவையின் அளவைத் தெளிவாக எழுதவேண்டும் எனக் கோரிய பொதுநல மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி தள்ளுபடி செய்தது.

சிறியது என்ற சொல்லை நாம் ஒருமுறை கணக்கிற் போட்டுப் பார்த்தல் நலம். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளொன்றில், வீடு வீடாகச் சென்று பொதிகளை ஒப்படைத்து வாழும் ஒருவர் நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு இரண்டு லீற்றர் போதும். ஓடுதூரம் நூற்றுக்கு நாலு பங்கு குறைந்தால் லீற்றருக்கு 48 கிலோமீற்றர். வருடத்தில் 300 நாள் உழைப்பவர் இதனால் 25 லீற்றர் அதிகமாக வாங்குவார். அது அவரது பன்னிரண்டு நாள் எரிபொருள். வார இறுதியில் மட்டும் காரை வெளியே எடுக்கும் உத்தியோகத்தருக்கு இதே நாலு வீதம் கண்ணுக்குத் தென்படாது. ஒரே வீதம், ஒரே சுமையாகாது.

இதற்கு எதிரான வாதத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தனக்குத் தேவையான மசகெண்ணெயில் மிகப்பெரும் பங்கை இறக்குமதி செய்யும் நாடு அது. வெளிநாட்டுச் செலாவணி மீதமாகின்றது. கரும்பு விற்ற பணத்துக்கு ஆலை வாசலில் மாதக்கணக்கிற் காத்து நின்ற விவசாயிக்கு நிலுவை விரைவாகக் கிடைக்கின்றது. பெற்றோலிய எரிவும் குறைகின்றது. பெந்தமின் பயன்வழிக் கோட்பாட்டின்படி நோக்கினால், கோடிப்பேரின் சிறு இழப்பும் நாட்டின் பெருநயமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு, தட்டு எப்பக்கம் சாய்கின்றது என்பதோடு விவகாரம் முடிவுறும். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் விதியை எடுத்துக்கொண்டு இதனை மறுக்க முற்படுவோர் உளர். கேளாமல் ஒருவர்மீது சுமை ஏற்றுவது அவரைக் கருவியாக்குதல் என்பது அவர்கள் வாதம். எனது அபிப்பிராயத்தில் இம்மறுப்பு அவ்வளவில் நிறைவானதன்று. அரசுகள் ஒவ்வொரு குடியிடமும் சம்மதம் பெற்று வரி விதிப்பதில்லை. தனித்தனிச் சம்மதம் பெற்றபின்பே பொதுக்காரியம் தொடங்கவேண்டுமாயின் எந்தக் காரியமும் தொடங்காது.

ஆனால் வரிக்கு ஒரு பெயர் உண்டு. ஓர் எண் உண்டு. அதனை விதித்தவர் இன்னார் என்பது தெரியும். அது சட்டசபையில் வாசிக்கப்படுகின்றது. பிடிக்காதவர் அதனை எதிர்த்துப் பேசலாம், அடுத்த தேர்தலில் வாக்களித்துத் தண்டிக்கலாம். சக்தி குறைந்த லீற்றரைப் பழைய விலைக்கே விற்பது பெயரில்லாத வரி. அளவுப்பாத்திரத்தின் அடியை உட்புறமாக வளைத்துவிட்டு நிரம்ப அளந்து கொடுக்கும் வியாபாரியின் கெட்டித்தனத்தோடு இதற்கு உறவில்லை என்று சொல்லுதல் கடினம். கொள்கையை அறிவித்துவிட்டோம், வர்த்தமானியில் உள்ளது என்பர். வர்த்தமானியில் இருப்பதும் குழாயில் எழுதியிருப்பதும் ஒன்றல்ல. எல்லோரதும் சம்மதத்தைப் பெற இயலாது என்பதை ஒப்புக்கொண்டாலும், எல்லோருக்கும் உள்ளதைச் சொல்லுதல் இயலும். அதற்கு ஒரு வில்லையும் கொஞ்சம் மையுமே செலவு.

1971இல் ஜோன் றோல்ஸ் முன்வைத்த நியாயக் கோட்பாடும் இங்கு பொருந்துவது. சமூக ஏற்பாடொன்றில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் அது மிகக் கீழ்நிலையில் உள்ளோருக்கு நன்மை தருவதாய் அமைதல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் ஒரு கூறு. கலப்பெரிபொருளின் சுமை யார்மீது விழுகின்றது? 2023க்குப் பின்னர் புதுக் கார் வாங்க வசதி படைத்தவருக்கு இழப்பு மிகச் சிறிது. மூன்று கைமாறிய மோட்டார் சைக்கிளை வாங்கியவருக்கே ஓடுதூரக் குறைவும், குழாய் மாற்றுச் செலவும், வேலையிழந்த அரைநாளும் சேர்ந்து வருகின்றன. நயத்தைப் பெறுவோரின் வரிசையில் அவர் முன்னிற்பதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை.

கலப்பு என்றதும் நம்மவர் சிலருக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வரலாம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரியதான அக்காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களையும் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களையும் ஓட்டினர். எஞ்சினுக்கு அதனால் நேர்ந்த கெடுதி எதனோலால் நேர்வதிலும் பன்மடங்கு பெரிது. கரும்புகை கக்கிற்று, பிளக் கரிபிடித்தது. எனினும் அதனை ஓட்டியவருக்கு இன்னதை ஊற்றுகிறோம், இன்னது கெடும், கெட்டால் இவ்வாறு கழற்றித் துடைக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அநீதி அவரைச் சூழ்ந்திருந்தது. எனினும் தமது தாங்கியினுள் என்ன இருக்கின்றது என்பதில் அவர் ஏமாற்றப்படவில்லை. தீங்கின் அளவும் அநீதியின் அளவும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வனவல்ல என்பதற்கு இதனிலும் தெளிந்த உதாரணத்தை நான் நூல்களிற் காணவில்லை.

பெயரை மறைத்தல் எரிபொருள் வரலாற்றில் முன்னரும் நிகழ்ந்துள்ளது. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிஜ்லி என்பவர் எஞ்சின் இடிப்பதைத் தடுக்க ஈயச் சேர்வையொன்று உதவும் எனக் கண்டார். அதே வேலையை மதுசாரமும் செய்யும் என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. ஆனால் மதுசாரத்துக்குக் காப்புரிமை பெற முடியாது. ஈயமோ மிகச் சிறிதளவே போதும். 1924இல் இச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் சிலர் சித்தம் பேதலித்து இறந்தனர். விற்பனைக்கு வைத்த பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை. 'எதைல்' என்பதே பெயர். காரோட்டியவரும், வீதியோரத்தில் விளையாடிய பிள்ளையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஈயத்தைச் சுவாசித்தனர். உலகில் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை அல்ஜீரியாவில் முற்றுப்பெற்றது 2021இல்தான். எதனோல் ஈயம்போன்ற நஞ்சன்று. இரண்டையும் சமமாக்குவது என் நோக்கமுமன்று. எதனோலைத் தேர்ந்திருந்தால் உலகம் ஈயத்திலிருந்து தப்பியிருக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் நல்ல பொருளை விற்பவருக்கு அதன் பெயரை எழுதுவதில் தயக்கம் எதற்கு?

இதுவரை சாரதியின் பக்கம் நின்று பேசினோம். சாரதியும் கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. தமது தாங்கிக்குள் வருவது யாருடைய உணவு?

கழிவுப்பாகிலிருந்தும் பழுதடைந்த தானியத்திலிருந்தும் வரும் எதனோலைப் பற்றி இக்கேள்வி எழாது. ஆனால் 20 வீதம் என்ற இலக்கைக் கழிவினால் மட்டும் நிரப்ப முடியவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் களஞ்சியங்களிலிருந்த அரிசியை வடிசாலைகளுக்குக் கொடுப்பது 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் தொடங்கியது. 2024-25 காலப்பகுதிக்கு 52 இலட்சம் தொன்வரை ஒதுக்கப்பட்டது. ஒரு தொன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லீற்றர் எதனோல் கிடைக்கும்; அதாவது ஒரு லீற்றருக்கு 2.2 கிலோ அரிசி. 10 லீற்றர் கொள்ளும் மோட்டார் சைக்கிள் தாங்கியில் 20 வீதக் கலவை நிரப்பினால், அதிலுள்ள எதனோல் முழுவதும் அரிசியிலிருந்து வந்ததாயின், நாலரைக் கிலோ அரிசி உள்ளே செல்கின்றது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வறிய குடும்பத்தின் ஆளொருவருக்கு மாதமொன்றுக்கு வழங்கும் தானியம் 5 கிலோ.

இவ்விரு எண்களும் அருகருகே நிற்பது மனத்தை உறுத்துகின்றது. களஞ்சியத்தில் மிதமிஞ்சிக் கிடந்து புழுப்பதிலும் எரிப்பது மேல் என்பர். மிதமிஞ்சியது என்ற சொல்லிலேயே சிக்கல் உள்ளது. 1981இல் வெளிவந்த வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் அமர்த்தியா சென் காட்டியது, உணவு இருப்பதும் அதனைப் பெறும் உரித்து மக்களுக்கு இருப்பதும் வேறுவேறு என்பதேயாகும். 1943இன் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டது அரிசியே இல்லாமையால் அன்று. பசித்தவருக்கு வாங்கும் வலு இல்லாதபோது சந்தையின் கண்ணுக்குத் தானியம் மிதமிஞ்சியதாகவே தோன்றும். வாகனத் தாங்கிக்கு அந்த வலு எப்போதும் உண்டு. 2007 ஜனவரியில் மெக்சிக்கோ நகரில் சோள ரொட்டியின் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் திரளாக ஊர்வலம் சென்றதற்குப் பல காரணங்கள் இருந்தன. அயல்நாட்டின் எதனோல் ஆலைகள் சோளத்தை விழுங்கத் தொடங்கியமை அவற்றுள் ஒன்று. உணவுரிமைக்கான ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஜீன் சீக்லர், அதே ஆண்டு ஒக்ரோபரில் உணவுப்பயிரை எரிபொருளாக்குவதை மனித குலத்துக்கெதிரான குற்றம் எனக் கண்டித்து, ஐந்தாண்டுகளுக்கு அதனை நிறுத்துமாறு கோரினார். அக்கண்டனம் சற்று மிகைப்பட்டதென்றே கொள்ளத் தோன்றுகின்றது. கரும்புச் சக்கையையே விறகாக எரித்து வடிக்கும் பிரேசில் ஆலையையும், இயற்கை வாயுவையும் உரத்தையும் செலவிட்டுச் சோளத்தை வடிக்கும் ஆலையையும் ஒரே தீர்ப்பில் அடக்கலாகாது. காபனீரொட்சைட்டுக் கணக்கிலும் இவ்விரண்டுக்குமிடையே மிகுந்த வேறுபாடு உண்டு. எனினும், உண்ணத்தக்க அரிசியை ஓர் இலக்கத்தை எட்டுவதற்காக வடிசாலைக்கு அனுப்புவதை நியாயப்படுத்தும் வாதம் எதனையும் நான் ஏற்கக்கூடியதாகக் காணவில்லை.

பிரேசிலின் அனுபவம் இறுதியாக நோக்கற்பாலது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1975 நவம்பரில் அந்நாட்டின் இராணுவ அரசு தேசிய மதுசாரத் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் முழு எதனோலில் ஓடும் பியட் 147 கார் விற்பனைக்கு வந்தது. 1980களின் நடுப்பகுதியில் விற்பனையான புதிய கார்களுட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை எதனோலில் மட்டுமே ஓடுபவை. 1989இன் இறுதியிற் சீனியின் உலக விலை கூடியபோது ஆலைகள் கரும்பைச் சீனிக்குத் திருப்பின. எதனோல் இல்லை, பெற்றோலை ஊற்றவும் அக்கார்களால் இயலாது. அரசு சொன்னதை நம்பி வாங்கியவர்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். 2022இல் நம் நாட்டின் வரிசைகளில் இரவைக் கழித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எதனோற் கார்களின் விற்பனை சில ஆண்டுகளுள் ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

2003இல் எக்கலவையிலும் ஓடக்கூடிய கார்கள் அங்கு வந்தபின்பே மக்கள் எதனோலை மீண்டும் நாடினர். இன்று பிரேசிலின் எரிபொருள் நிலையத்தில் எதனோலுக்கு ஒரு குழாய், பெற்றோலுக்கு ஒரு குழாய். எதனோலின் விலையைப் பெற்றோலின் விலையால் வகுத்து, விடை 0.7க்குக் கீழ்ப்பட்டால் எதனோலையும் மேற்பட்டால் பெற்றோலையும் ஊற்றிக்கொள்வது அங்குள்ள சாரதிகளின் வழக்கம். கணிதம் கற்காதவரும் மனத்தாற் போட்டுவிடும் கணக்கு அது. அந்தப் பெற்றோற் குழாயிலும் 2025 ஓகஸ்ற் முதல் 30 வீதம் எதனோலே.